ஞானஜோதியின் வெளிநடப்பு

நகராட்சிக் கூட்டத்தில் பத்தொன்பதாவது பொருளை வாசிக்க எழுத்தர் வாயைத் திறந்ததுமே ஞானஜோதி எழுந்துவிட்டாள்.

அதுவரை எல்லாம் வழக்கம்போலத்தான் ஓடியது. தெருவிளக்கு, கொசுமருந்து, நாய் பிடிக்கிற வண்டிக்கு டயர். எழுத்தர் மூச்சு விடாமல் வாசிப்பார், யாராவது ஒருவர் 'ஆல் பாஸ்' என்பார், மற்றவர்கள் மேசையைத் தட்டுவார்கள். வடை ஆறுவதற்குள் கூட்டத்தை முடிப்பதில் சிவகாசிப் பக்கத்தில் அந்த நகராட்சியை அடித்துக்கொள்ள ஆளில்லை.

பத்தொன்பதாவது பொருள் மட்டும் அப்படிப் போகவில்லை. ஞானஜோதியின் வார்டில் இருக்கும் பிரசவ ஆஸ்பத்திரியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, அங்கே கடைகள் கட்டுவது பற்றியது அது.

ஓய்வு பெறும்வரை அவள் நர்சாக இருந்த ஆஸ்பத்திரி. பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் பெண்கள் வேலை முடிந்து நாரணாபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, வீட்டுக்குப் போகிற வழியிலேயே உள்ளே நுழைந்து வயிற்றைக் காட்டிவிட்டுப் போவார்கள். அதைக் காப்பாற்றத்தான் அவள் தேர்தலிலேயே நின்றாள்.

இதற்கு முன்பும் இந்தப் பொருள் வந்திருக்கிறது. வந்தபோதெல்லாம் ஞானஜோதி ஆட்சேபணை சொன்னாள், ஒத்திவைத்தார்கள். சட்டத்தில் இல்லாவிட்டாலும் அந்த மன்றத்தில் அப்படி ஒரு வழக்கம். எந்த வார்டு விஷயமோ, அந்த வார்டு உறுப்பினர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மறுத்துவிட்டால் தலைவர் யாராக இருந்தாலும் அதைத் தொடமாட்டார். நாளைக்கு அவரவர் வார்டுக்கும் இதே கதி வந்துவிடுமே என்கிற பயம்தான், வேறொன்றுமில்லை.

அந்த வழக்கத்தை இன்றைக்கு மீறப்போகிறார்கள் என்று காலையில் வீடு தேடி வந்து சொன்னவள் எவாஞ்சலின்.

ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கத்து வார்டின் உறுப்பினர். முன்பு டீச்சராக இருந்தவள். சர்ச்சில் ஞானஜோதிக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். அவளைத் தேர்தலில் நிற்கவைத்து, வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கி ஓட்டுக் கேட்டதும் ஞானஜோதிதான்.

"நீங்க உக்காந்திருந்தாலும் இன்னைக்கு நிறைவேத்திருவாகளாம்க்கா. பேசாம எந்திரிச்சு வெளிய போயிருங்க, நான் பின்னாலயே வாரேன். ரெண்டு பேரு வெளிநடப்புன்னா பேப்பர்ல வரும், சூலக்கரை ஆபீஸ்ல கலெக்டர் காதுக்கும் போயிரும்."

ஞானஜோதி நம்பினாள். எவாஞ்சலினையே நம்பாவிட்டால் அந்த ஊரில் அவள் வேறு யாரை நம்புவது?

"வெளிநடப்பு செய்கிறேன்" என்று மட்டும் சொன்னாள். வராந்தாவுக்கு வந்து சேலையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். வந்திருந்த ஒரே நிருபர் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு வடை இருந்த பக்கமாகப் போய்விட்டார்.

எவாஞ்சலினைக் காணோம்.

கதவு மூடியே இருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே மைக்கில் அவள் குரல் கேட்டது. அந்த மைக்கில் யார் பேசினாலும் ஒரு சொல்கூட விளங்காது. வெளியே வருவதற்கு முன்னால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வருகிறாள் போல என்று ஞானஜோதி நினைத்துக்கொண்டாள். டீச்சர் அல்லவா. தனக்கு அப்படிப் பேச வரவில்லையே என்று கூச்சமாகக்கூட இருந்தது.

பிறகு மேசைகளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

எதிர்த்துப் பேசினால் அங்கே யாரும் மேசை தட்டமாட்டார்கள்.

டீத் தட்டோடு வெளியே வந்த அலுவலக உதவியாளர் செல்லச்சாமிதான் விவரம் சொன்னார். வார்டு உறுப்பினர் இருக்கையில் இல்லாததால் ஆட்சேபணை இல்லையாம், ஒருமனதாக நிறைவேறிவிட்டதாம். முன்மொழிந்தது எவாஞ்சலின் டீச்சர். புது ஆஸ்பத்திரியும் அவர் வார்டில்தான். மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வது மாதிரி சொல்லிவிட்டு, செல்லச்சாமி ஒரு வடையை எடுத்து நீட்டினார்.

ஞானஜோதிக்கு அப்போதுதான் புரிந்தது. வழக்கத்தை யாரும் மீறப்போவதாக இல்லை. அவள் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். உட்கார்ந்திருந்தவளை எழுப்பி அனுப்பியது, கூடப் பிறந்தவள் மாதிரி நினைத்த ஒருத்தி.

கூட்டம் கலைந்தது. துரோகி என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட வேண்டும் என்று ஞானஜோதி காத்திருந்தாள். எவாஞ்சலின் ஒளியவில்லை, நேரே அவளிடம்தான் வந்தாள்.

"என் மருமகளுக்குப் பிள்ளை வயித்துலயே செத்துப் போச்சுன்னு சொன்னேன்ல, அப்படி இல்லக்கா. உங்க ஆஸ்பத்திரிக்கு வார வழியில ரயில்வே கேட் அடைச்சிருந்துச்சு. ஆட்டோவுல உயிரோடதான் பிறந்துச்சு, கேட் திறக்குறதுக்குள்ள போயிருச்சு."

அந்தப் பிள்ளையை அடக்கம் செய்த நாளில் எவாஞ்சலினின் கையைப் பிடித்துக்கொண்டு பொழுதெல்லாம் உட்கார்ந்திருந்தது ஞானஜோதிதான். அன்றைக்கும் இவள் சொன்னதை நம்பியிருக்கிறாள். உண்மையைச் சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரியை விட்டுக்கொடுத்திருப்பாளா என்று அவளுக்கே தெரியாது. எவாஞ்சலின் கேட்டுப் பார்த்திருக்கலாம். கேட்கக்கூட லாயக்கில்லாதவளாகத் தன்னை நினைத்துவிட்டாளே என்பதுதான் தாங்கவில்லை.

எவாஞ்சலின் படியிறங்கிப் போய்விட்டாள்.

இனிமேல் வலியெடுத்தால் ஞானஜோதியின் வார்டுப் பெண்கள் அந்த ரயில்வே கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். எவாஞ்சலினுக்கு அது தெரியாமல் இல்லை.