முடியவே கூடாத ஆட்டம்

“கார் ஆட்டம் ரொம்பச் சின்னது, மிஸ்யே. பத்து நிமிஷமாவது ஓடணும்” என்றாள் தையல் பெண்களின் தலைவி பாக்கியம்.

பத்மநாபன் பேனாவை மூடினார். திருநெல்வேலியிலிருந்து மொரீஷியஸுக்கு வந்து, மோகா பக்கத்து ஸ்வெட்டர் ஃபேக்டரியில் பெர்சனெல் ஆபீசராகச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. சம்பளம் கேட்பார்கள், லீவு கேட்பார்கள் என்று நினைத்திருந்தார். கேன்டீனில் கிடக்கும் மூன்று வீடியோ கேம் பெட்டிகளுக்காகத் தையல் பெண்கள் முந்நூறு பேர் ஸ்டிரைக் செய்வோம் என்று மிரட்டுவார்கள் என்று யார் கண்டது?

“ஸ்டிரைக் வந்தால் உங்கள் வேலை பெர்மிட்டைப் புதுப்பிக்க மாட்டேன்” என்று டைரக்டர் யொலாந்த் மேடம் காலையிலேயே சொல்லிவிட்டார். மனைவி நேற்றுதான் ஊரிலிருந்து வந்து சாமான்களைப் பிரித்திருந்தாள்.

“சரிம்மா. சுடுற ஆட்டம்?”

“அது கால் மணி போதும். அதுக்கு மேல கை வலிக்குது.”

“செங்கல் உடைக்கிற ஆட்டம்?”

“நோன், நோன்! அது முடியவே கூடாது.”

“அதுக்கு மட்டும் ஏன் அப்படி?”

பாக்கியம் பிரெஞ்சு கலந்த தன் கோவில் வகுப்புத் தமிழில் வார்த்தை தேடினாள். “கார் முட்டினா கோபம் வருது, கிளம்பிடறாங்க. செங்கல் அப்படி இல்லை. ஒண்ணு மிச்சம் இருந்தாலும் விட்டுட்டுப் போக மனசு வராது.”

பத்மநாபனுக்குத் தலை சுற்றியது. சாப்பாட்டு நேரமே அரை மணிதான். அதற்குள் முடியாத ஆட்டத்தை எப்படி ஆடுவார்கள்?

“நீங்க யாருமே அந்தப் பெட்டி பக்கம் போய் நான் பார்த்ததில்லையே?”

“எங்களுக்கு ஏது நேரம், மிஸ்யே?”

“பின்னே எதுக்கும்மா இந்தப் போராட்டம்?”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் போதும். அப்புறம் நீங்க இஷ்டம்போல வச்சுக்குங்க” என்று எழுந்து போய்விட்டாள்.

தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இருந்தாலும் பெர்மிட் பெரிதாயிற்றே! மெக்கானிக் க்ளோட்டைக் கூப்பிட்டு, பெட்டிகளின் முதுகைத் திறந்து, பாக்கியம் சொன்னபடியே மாற்றச் சொன்னார். ஸ்டிரைக் பேச்சு அன்றே அடங்கியது. எதிரில் வந்த பெண்களெல்லாம் “மெர்சி, மிஸ்யே” என்று வாய்கொள்ளாமல் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தியாவது பெட்டியைத் தொட வேண்டுமே! அவருக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

வியாழக்கிழமை மாலை மூன்று மணி. தையல் கூடத்தில் முந்நூறு மிஷின்களும் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தன. கேன்டீனிலிருந்து டொக் டொக்கென்று செங்கல் உடையும் சத்தம் கேட்டது. பத்மநாபன் கதவைத் தள்ளினார்.

“ஷ்... இன்னும் நாலே செங்கல்!”

ஒரு தையலுக்கு எத்தனை நொடி என்று அளந்து, பெண்களின் அன்றாட வேலையைக் கூட்டிவிட்டு வெள்ளிக்கிழமை விமானத்தில் திரும்ப வேண்டிய பாரிஸ் நிபுணர் அலான், ஸ்டாப்வாட்சைக் கழற்றிப் பெட்டியின் தலையில் வைத்துவிட்டு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.