மேட்டில் திணறாத வண்டி

பழைய டீசல் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவை அசைந்து நெடுநேரம் ஆகியிருந்தது. கார் விற்பவர் கவலையோடு குனிந்து பார்த்தார்.

"துரு இல்ல. கொக்கி மாட்டுற இடம் கல்லு மாதிரி இருக்கு" என்று கால்கள் பேசின. விபத்து இல்லை, ஆராய்ச்சி.

கால்களின் சொந்தக்காரருக்கு அவர் தெருவில் டீசல் டாக்டர் என்று பெயர். வைத்தவர்கள் கேலியாக வைத்தார்கள்; அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். உண்மையில் அவர் நடத்தியது நடமாடும் ரொட்டிக்கடை. மாமனார் மகளுக்குக் கொடுத்த செங்கல் அடுப்பு, அதைச் சுமக்கும் டிரெய்லர், மாவு பிசைய மனைவி, ரொட்டி சுட மனைவி. டிரெய்லரின் இடப்பக்கத்தில் வெள்ளைத் தொப்பி போட்டுச் சிரிக்கும் டாக்டரின் படப் பலகை.

போன வருடம் மலைமேல் இருக்கும் பஞ்சாலை வாசலில் நிரந்தரமாகக் கடை போட இடம் கிடைத்தது. மனைவி ஆசை ஆசையாகச் சொன்னாள். "என் ஜீப் அந்த மேட்டுல ஏறாது. ஜீப் இல்லாம இந்த டிரெய்லர் ஒரு அங்குலம் நகராது" என்று டாக்டர் பேச்சை முடித்துவிட்டார். அதன் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

இப்போது கார் தேடுவது மைத்துனனுக்காக. ஏரியில் படகு விடப் போகிறானாம். ஏரிக்குப் போகிற வழியெல்லாம் மேடாம்.

"ரெண்டு டன் இழுக்கணும் அத்தான்."

"ரெண்டு டன்னா? படகா, கப்பலாடா?"

"எல்லாம் சேத்து அத்தான். உங்களை விட்டா எனக்கு யாரு பாத்துக் குடுப்பா?"

அந்த ஒரு வாக்கியத்தில் டாக்டர் இரண்டு அங்குலம் வளர்ந்தார். ஆறு வண்டிகளை வேண்டாமென்று ஒதுக்கினார். ஒன்று புகை கக்கியது, ஒன்றுக்கு கிளட்ச் வழுக்கியது. பெட்ரோல் வண்டியை அவர் தொடக்கூட இல்லை. "இது ஆபீஸ் போறவனுக்கு. பாரம் இழுக்க டீசல்தான் மாப்ள. வேகத்தைப் பாக்காத, இழுவையப் பாரு!"

ஏழாவது வண்டி தேறியது. உள்ளே காகிதங்களில் கையெழுத்து ஆகும்போது, டாக்டர் வாசலில் நின்று விற்பவருக்கே டர்போ பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஊர் எல்லையில், மலைச்சாலை தொடங்கும் மேட்டடியில் சோதனை. "வெறும் வண்டிய ஓட்டிப் பாக்குறவன் முட்டாள். நம்ம டிரெய்லரையே மாட்டிப் பாத்துருவோம்" என்று யோசனை சொன்னவரும் டாக்டர்தான். ஜீப்பிலிருந்து டிரெய்லரைக் கழற்றிக் காரில் மாட்டினார். கொக்கியைத் தவிர வேறெதையும் அன்று அவர் கண் பார்க்கவில்லை.

கார்க் கதவைத் திறந்து கைப்பிரேக்கைச் சரிபார்த்தார். ஓட்டுநர் இருக்கை ஸ்டீயரிங்கை முட்டுகிற அளவுக்கு முன்னால் தள்ளியிருந்தது.

"முன்ன வச்சிருந்தவன் குள்ளன் போல. பின்னாடி தள்ளிப் போட்டுக்க மாப்ள."

ஆறடி மைத்துனன், "சரி அத்தான்" என்றான்.

மனைவி மேட்டை அண்ணாந்து பார்த்தாள். "நெஜமாவே ஏறிடுமாங்க?"

"ஏறலைன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

"ஏறினா போதும்" என்றாள். "நீங்க பின்னாடி கட்டையை நல்லாப் புடிச்சுக்கங்க."

வண்டி பின்னால் உருண்டால் சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் மரக்கட்டை அது. அந்தப் பொறுப்பை டாக்டர் வேறு யாரையும் நம்பிக் கொடுப்பதில்லை. டிரெய்லருக்குப் பின்னால் கட்டையும் கையுமாகக் குந்தினார். முன்னால் கார் நிற்பதே அங்கிருந்து தெரியவில்லை.

"எடு மாப்ள! மெதுவா... கிளட்சை விடு... ஆங்!"

டிரெய்லர் நகர்ந்தது. ஒரு குலுக்கல் இல்லை, ஓர் உறுமல் கூடுதலாக இல்லை. சம தரையில் போவதுபோல் மேட்டில் ஏறியது. "பாரு! இழுவையப் பாரு!" என்று கத்திக்கொண்டு டாக்டர் பத்தடி ஓடினார். அவர் கண்ணே கலங்கிவிட்டது. வளைவில் ஹார்ன் இரண்டு முறை ஒலித்தது. நன்றி சொல்கிறான் என்று கையைக்கூட ஆட்டினார்.

டிரெய்லர் மறைந்தது. மனைவி ஜீப்பில் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்து, "பாத்தியா?" என்று கேட்கத் திரும்பினார். ஜீப்பிலிருந்து மைத்துனன் இறங்கினான்.

"நீ இங்க என்னடா பண்றே? வண்டிய யாரு ஓட்டுறா?"

"அக்கா."

"அவளுக்கு பிரேக் எது, கிளட்ச் எதுன்னுகூடத் தெரியாதேடா!"

"லைசென்ஸ் எடுத்து எட்டு மாசமாச்சு அத்தான். காரும் அவ பேர்லதான்."

டாக்டருக்குக் கையிலிருந்த கட்டையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "அப்போ படகு?"

"படகு இல்ல அத்தான்."

சாலை காலியாக இருந்தது. டீசல் புகைகூட மிச்சமில்லை. அவ்வளவு நல்ல வண்டி. "கட்டிக்கிட்டு இருபது வருஷம்டா" என்றார். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"பஞ்சாலை வாசல்ல கடை போடலாம்னு போன வருஷமே சொன்னாளே. நீங்கதான் ஜீப் ஏறாதுன்னுட்டீங்க."

டாக்டர் கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். "சரி... சாயங்காலம் திரும்பிடுவால்ல?"

மைத்துனன் பின்பக்கம் நடந்தான். ஜீப்பின் பின்கதவைத் திறந்து, உள்ளேயிருந்த பலகையை இழுத்து அவர் காலடியில் சாய்த்து நிறுத்தினான். வெள்ளைத் தொப்பிக்குக் கீழே டாக்டர் டாக்டரைப் பார்த்துச் சிரித்தார்.

"இதை மட்டும் உங்ககிட்ட குடுத்துடச் சொன்னா அத்தான்."