எண்ணெய் டின் கிட்டார்

மாரிக்கண்ணன் கிட்டாரைத் தூக்கி மடியில் வைத்ததும், வீட்டுக்கு வந்திருந்த பட்டாசு ஆலை போர்மேன் சண்முகவேல் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏலே, இத நீயாலே செஞ்ச?"

"நானேதான் அண்ணாச்சி. இந்தக் கையாலதான்."

அஞ்சு லிட்டர் நல்லெண்ணெய் டின். நடுவில் வட்டமாக ஓர் ஓட்டை. கழுத்துக்கு ரீப்பர் கட்டை. பைக் கிளட்ச் கேபிளைப் பிரித்து எடுத்த கம்பிகள். விரல் வைக்கிற குறுக்குக் கோடுகளுக்குக் காலண்டர் உச்சியில் வரும் தகரப் பட்டையை நறுக்கி ஒட்டியிருந்தான். ஆணியைக்கூட மரச் சுத்தியலால்தான் அடித்தான். பட்டாசு ஆபீசில் பழகிய கை, பொறிக்குப் பயந்து வீட்டில்கூட இரும்பின் மேல் இரும்பைப் போடாது.

மகள் சினேகாவுக்குச் செய்தது என்று பேர். போர்மேன் கண்ணில் படத்தான் செய்தான் என்பது வாசல்படியில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி செல்வலட்சுமிக்குத் தெரியும்.

மாரிக்கண்ணன் வெடிமருந்து கலக்குகிறவன். கலக்கும்போது மருந்தில் லேசாகச் சூடு ஏறினால் முதலில் தெரிவது கைக்குத்தான். தெரிந்த நொடியில் அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். போன சித்திரையில் அப்படித்தான் கூட நின்ற ஆளையும் இழுத்துக்கொண்டு ஓடினான். அறை வெடித்துப் போனது. இரண்டு கையும் வெந்து மரத்துப்போனதோடு உயிர் தப்பியது.

அதன் பிறகு மனுசன் சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான். கூப்பிட்டால் திரும்பமாட்டான். தட்டை வைத்தால் சாப்பிடுவான், எடுத்தால் விட்டுவிடுவான். செல்வலட்சுமி சோறு வடித்தாள், பேக்கிங் வேலைக்கு வேனில் போனாள், வந்தாள். செத்திருந்தால்கூட அழுது முடித்திருக்கலாமே என்று ஒருநாள் அவளுக்குத் தோன்றியது. அடிப்பாவி, என்ன நினைத்துவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதற்கும் அழுகை வரவில்லை.

சீசன் வரப்போகிறது, கை சரியாகிவிட்டால் வரச் சொல் என்று போர்மேன் சொல்லிவிட்ட அன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்தான். விரலில் உணர்ச்சி வந்துவிட்டது என்றான். அவள் நம்பினாள். இப்படி ஒரு கிட்டாரைச் செய்து கண் முன்னால் வைத்தால் யார்தான் நம்பமாட்டார்கள்?

"வேலையெல்லாம் நல்லாத்தாம்லே இருக்கு. சூடு தெரியுதா? அதச் சொல்லு."

"நல்லாத் தெரியுது அண்ணாச்சி" என்றவன் வாசிக்க ஆரம்பித்தான்.

கும்மிப் பாட்டு மெட்டு ஒன்று. தகர டின்னுக்குள்ளிருந்து அம்புட்டுச் சத்தம் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சினேகா கைதட்டினாள். போர்மேன் தொடையில் தாளம் போட்டார். மாரிக்கண்ணன் அவர் முகத்தையே பார்த்துச் சிரித்தபடி இடது கை விரல்களைக் கம்பியில் மேலும் கீழும் இழுத்தான்.

செல்வலட்சுமி விரல்களைப் பார்த்தாள்.

கேபிள் இழை ஒன்று அறுந்து நிமிர்ந்திருந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் அது அவன் ஆள்காட்டி விரலுக்குள் போய்ப் போய் வந்தது. கட்டை நெடுக ரத்தம் வழிந்து டின்மேல் சொட்டியது. அவன் முகம் சுளிக்கவில்லை. மெட்டும் தப்பவில்லை.

போர்மேனுக்கு போன் வந்தது. "லோடு ஏத்தியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே வாசல் பக்கம் திரும்பினார்.

செல்வலட்சுமி எழுந்துபோய்க் கிட்டாரை வாங்கி, உள்ளே கொண்டுபோய் வை என்று மகளிடம் கொடுத்தாள். புருசன் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, அவன் கையை இழுத்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அவன் கூச்சத்தோடு நெளிந்தான். ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை.

போர்மேனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளையிலிருந்து மறுபடி சுவர்.

சொல்லாவிட்டால் மருந்து அறை. மற்ற ஷெட்டுகளை விட்டுத் தள்ளி, தனியாக நிற்கும் அறை. உள்ளே இரண்டு பேருக்குத்தான் அனுமதி. அந்த இரண்டு பேரில் ஒருவர் கைக்காவது சூடு தெரிந்தாக வேண்டும்.

போர்மேன் போனை வைத்துவிட்டு வந்தார். "சரிலே, நாளைக்கு வேன்ல ஏறிரு."

"அண்ணாச்சி" என்றாள் செல்வலட்சுமி. "அவுக கூட நிக்கதுக்கு ஒரு ஆள் போடுவீகள்ல. என்னையப் போட்டுருங்க."

போர்மேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏம்மா, வெவரம் தெரிஞ்சுதான் பேசுதியா? புருசன் பொண்டாட்டிய ஒரே மருந்து ரூம்ல எந்தக் கம்பெனியிலயாவது போடுவாகளா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா பிள்ளைக்கு ஒரு ஆளு வேண்டாமா?"

"வேணும் அண்ணாச்சி. அதான் கேக்கேன்."

"பாத்தீகளா அண்ணாச்சி, என்னைய விட்டு ஒரு நிமிசம் இருக்க மாட்டேங்கா" என்று மாரிக்கண்ணன் சொல்ல, போர்மேனும் சேர்ந்து சிரித்தார். பார்ப்போம் என்று தலையை ஆட்டினார்.

முந்தானைக்குள் செல்வலட்சுமி அவன் விரலை நகம் பதிய அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள்.

மாரிக்கண்ணன் சிரித்துக்கொண்டே இருந்தான்.