முதலில் பெயர்

“பேர் மட்டும் நீங்க சொல்லிடுங்க மேடம்” என்று அவள் காலையிலேயே கேட்டு வைத்திருந்தாள்.

வகுப்பெடுக்கும் மேடம் சரி என்றிருந்தார். இப்போது சொல்ல வாயும் திறந்தார். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கையை உயர்த்தினார்.

“அவங்களே சொல்லட்டுங்க. பேர்ல இருந்துதானே எல்லாம் தொடங்குது.”

இந்த மாதிரி ஆட்களுக்குத் தும்மினாலும் கவிதைதான்.

நவீன கவிதை, வாசிப்பும் நிகழ்த்துதலும். அதுதான் பாடம். இன்று இறுதித் தேர்வு. அவளுக்கு முன்னால் ஒருத்தி செய்தித்தாளைக் கிழித்துத் தின்றாள். ஒருவன் சுவரைப் பார்த்து நின்று, கதவு கதவு என்று குரல் கம்மும்வரை சொன்னான். இரண்டு பேருக்கும் நல்ல மதிப்பெண்.

அவளுக்கு அதெல்லாம் வேண்டாம். ஒரு கவிதையைத் திக்காமல் வாசிக்க வேண்டும். அவ்வளவுதான்.

வாசித்தால் திக்காது. பெருவிரலால் ஆள்காட்டி விரலைத் தட்டிக்கொண்டே போனால் சொற்கள் ஒழுங்காக வந்துவிடும். விடுதி மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு வாசித்துக் காட்டியிருக்கிறாள். ஒரு முறைகூடச் சிக்கவில்லை. இரண்டு வருடமாக அவள் பேச்சை முந்திக்கொண்டு முடித்துக் கொடுத்தவர்கள் அதைக் கேட்க வேண்டும். இந்த ஒரு நாளாவது.

பேச்சுதான் சிக்கும். பெயர் எல்லாவற்றையும்விட மோசம்.

“து…”

பள்ளியில் இதற்குத்தான் முன்பெஞ்சுப் பெண்கள் எச்சில் தெறித்ததுபோல முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள்.

“து… து… து…”

கழுத்து நரம்பு புடைத்தது. கண் தானாக மூடிக்கொண்டது. தலை ஒரு பக்கமாக இழுத்தது.

யாரும் முடித்துக் கொடுக்கவில்லை. இன்றைக்குப் பார்த்து.

“துள… து…”

கண்ணைத் திறந்தாள். தேர்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு முன்னால் சாய்ந்திருந்தார். யாரோ கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசி வரிசையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

“து… துளசிமணி.”



கைதட்டல். தேர்வாளர்தான் முதலில் தட்டினார்.

“சொந்தப் பேரையே உடைச்சுப் போட்டுட்டாங்க பாருங்க! இதுக்கு மேல என்ன வேணும்? பிரமாதம்மா. போய் உக்காருங்க.”

மேடத்துக்குத் தெரியும். மேடம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உட்கார்ந்துவிடலாம். இதைவிட நல்ல மதிப்பெண் வாழ்க்கையில் கிடைக்காது. தேர்வாளருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

தாள் கையில் வியர்வையில் நைந்திருந்தது.

“நான் இன்னும் ஆரம்பிக்கலைங்க.”

ஒரு சிக்கலும் இல்லாமல் வந்தது.

தேர்வாளர் மேசையைத் தட்டினார். “ஆஹா! முடிவைப் பாருங்க!”

மறுபடியும் கைதட்டல். முன்னைவிடப் பலமாக.

அவளுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. விரல் விரலைத் தட்டியது.

வாசித்தாள்.

முதல் வரி கைதட்டலில் போய்விட்டது. இரண்டாவது வரி வரும்போது தேர்வாளர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

சாரங்கன் எழுந்தான். நடுவழியில் நின்று, இன்னும் வாசித்துக்கொண்டிருந்த அவளைப் பார்த்தான்.

பிறகு, நாற்காலி சத்தம் போடாமல், திரும்பப் போய் உட்கார்ந்தான்.