வெறும் வயிறு

“நேத்து ராத்திரி சாப்பிட்டதுதான். அப்புறம் பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படலை,” என்று அடித்துச் சொன்னார் அப்பா.

ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜ் சுற்றி அடங்கியதும் லேப் பெண் மூடியைத் திறந்து, அவருடைய ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயை எடுத்து மகளிடம் வெளிச்சத்தில் காட்டினாள்.

சிவப்பெல்லாம் அடியில் படிந்திருந்தது. மேலே நின்ற பிளாஸ்மா, பால் கலந்த தண்ணீர் மாதிரி வெள்ளையாக இருந்தது.

“வெறும் வயித்துல வந்திருந்தா இது தெளிவா, இளமஞ்சளா நிக்கணும்ங்க. போன தடவையும் இதே கதைதான்.”

“ஏதாவது நோயா இருக்குமோ?” மகள் பதறினாள்.

“நோயாலயும் இப்படி வரலாம். ஆனா நோய் வந்தா மீசையில வெண்ணெய் ஒட்டாதுங்களே.”

அப்பா அவசரமாக மீசையைத் துடைத்துக்கொண்டார்.

மகளுக்கு மானம் போயிற்று. ஆயுசு பூரா டிக்கெட் பரிசோதகராகப் பஸ்ஸில் ஏறி, டிக்கெட் எடுக்காதவர்களின் பொய்யைக் கண்ணைப் பார்த்தே பிடித்த மனுஷன்! கொழுப்பு அளவு சரியாகத் தெரிந்தால்தான் இதயத்துக்கு மருந்து எழுத முடியும் என்று டாக்டர் தலைபாடாய் அடித்துக்கொண்டிருக்கிறார். இவர் என்னடாவென்றால்...

வண்டியில் ஏறியதும் பொரிந்து தள்ளினாள்.

“உங்களுக்கு உசிரு பெருசா, நாக்கு பெருசாப்பா?”

“வயசான நாக்கும்மா. சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது.” அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அடுத்த தடவை முந்தின நாளே வந்து தங்கறேன். சமையலறைக்கு நான்தான் காவல்.”

“ஐயோ, உனக்கெதுக்கும்மா வீண் அலைச்சல்?” அவர் முகம் மாறியது.

‘திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி’ என்று நினைத்துக்கொண்டாள்.

சொன்னபடியே வந்து தங்கினாள். அம்மாவுக்கு ஒரே குஷி. பழைய கதைகளைப் பேசிச் சிரித்துவிட்டுத் தூங்கப் போனார்கள்.

காலையில் தட்டுச் சத்தம் கேட்டு எழுந்து ஓடினாள். அப்பா ரொட்டியின் கடைசித் துண்டை விழுங்கிக்கொண்டிருந்தார்.

“இன்னைக்குக் கையும் களவுமா மாட்டினீங்களா!”

“சத்தம் போடாதே! அம்மா கொல்லையில செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருக்கா.” அவர் தட்டை அவசரமாகக் கழுவி வைத்தார்.

“அம்மாவுக்கும் தெரியாம திருட்டுத் தீனியா?”

அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஈரக்கையோடு உள்ளே வந்தாள்.

“என்னங்க, பொழுது ஏறிடுச்சு, இன்னும் ஒண்ணும் சாப்பிடலையே! இருங்க, ரொட்டிக்கு வெண்ணெய் தடவித் தர்றேன்.”

மகள் ஏதோ சொல்ல வந்தாள். அப்பா அவள் கையை இறுகப் பிடித்தார்.

“ஆமா, நல்ல பசி. போடு,” என்றார் உற்சாகமாக.

அம்மா முகம் மலர்ந்து அடுப்புப் பக்கம் போனாள்.

“இப்பத்தானேப்பா...”

“அதுவும் அவ போட்டதுதான்மா.” அப்பாவின் குரல் தாழ்ந்தது. “சாப்பிட்டாச்சுன்னு சொன்னா, ‘யாரு போட்டா? எனக்கு ஏன் ஞாபகமில்லை?’ன்னு நடுங்கிப் போயிடறா. வேண்டாம்னா, தன் மேல கோபம்னு நினைச்சு அவளும் பட்டினி கிடக்கறா. அந்த முகத்தை என்னால பாக்க முடியலைம்மா. உங்க யாருக்கும் தெரிஞ்சா அவளுக்குக் கூச்சமா இருக்குமேன்னுதான்...”

நாக்குதான் பெருசா என்று மகள் திட்டியதையும், உண்மையைச் சொல்லாமல் வாங்கிக்கொண்ட மனுஷன்!

தட்டோடு திரும்பிய அம்மா, அவளைப் பார்த்து அப்படியே நின்றாள்.

“அடடே! நீ எப்ப வந்தே, கண்ணு?”

அப்பா கலவரத்தோடு மகளைப் பார்த்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இப்பத்தான்மா வந்தேன். எனக்கும் நல்ல பசி.”