திரையின் ஓரத்தில் மெஹராஜ்

சிங்காநல்லூர்க் கல்யாண மண்டபத்தில் சினிமா ரசிகர் சங்கத்தின் விருது விழா. தொண்ணூற்றாறாம் வருடத்துச் சித்திரைச் சாயங்காலம். சிறந்த நடிகைக்கான கேடயத்தை நெஞ்சோடு அணைத்தபடி நந்திதா மேடையில் நிற்கிறாள். அவளுக்குப் பரிசு வாங்கித் தந்த காட்சியை வெள்ளைத் துணித் திரையில் ஓட்டுகிறார்கள். மகனைப் பறிகொடுத்த தாயாக அவள் தலையில் அடித்துக்கொண்டு கதறுகிறாள். அவளுக்குப் பின்னால், திரையின் ஓரத்தில், பையனின் அத்தையாக நடித்த மெஹராஜ் அவனுடைய பள்ளிக்கூடச் சட்டையை மடிக்கிறாள். பேச்சில்லை, கண்ணீரும் இல்லை. மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடியும் மடிக்கிறாள். மண்டபத்தில் விசில் அடங்கி, மின்விசிறிகளின் சத்தம் மட்டும் கேட்கிறது. எல்லாக் கண்களும் அந்த ஓரத்திலேயே நிற்கின்றன. நந்திதாவும் திரும்பிப் பார்க்கிறாள்; கேடயம் அவள் கையில் தாழ்கிறது. விளக்குகள் எரிந்ததும் படியிறங்கி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் மெஹராஜிடம் நேராக வருகிறாள்.

“ஏனுங்க்கா, படம் புடிச்ச அன்னைக்கு உங்க பக்கம் நான் திரும்பிக்கூடப் பாக்கலீங்களே. எப்படிங்க செஞ்சீங்க?”

மெஹராஜ் கூச்சத்தோடு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறாள்.

“நானென்னங்க அம்மணி செஞ்சேன்? அந்தச் சட்டையை மகனா நடிச்ச பையன் அப்பத்தான் கழட்டிக் குடுத்தானுங்க. சூடு இன்னும் இருந்துச்சுங்க.”