சைலன்ஸர் பக்கத்துப் பெட்டி

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடியின் முன்னால் நடந்து பார்த்தார் இன்ஷூரன்ஸ் சர்வேயர்.

வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறவரைப் போல முகத்தை வைத்துக்கொண்டார். கொஞ்சம் களைப்பு, கொஞ்சம் சலிப்பு, மேலதிகாரியை நினைத்து ஒரு பெருமூச்சு.

“ஆபீஸ்ல எல்லாருக்கும் குடுத்தாங்க” என்று கண்ணாடியிடம் சொன்னார்.

நம்பும்படியாகத்தான் இருந்தது.

பைக்கில் கட்டும் பை வாங்க வருகிறவர்கள் மழைக்கு நனையுமா, ஜிப் தாங்குமா, வேகத்தில் ஆடுமா என்று கேட்பார்கள். இவருக்கு ஒரே கேள்விதான். மனைவி பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாளா?

அவளுக்கு வண்டி இருப்பதே தெரியாது.

இரண்டு வருடத்துக்கு முன் ஈரச் சாலையில் விழுந்து, முட்டி பிசகிப் படுத்துக் கிடந்தார். அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனத்துக்குப் பயந்து இவராகத்தான், இனி பைக்கைத் தொடவே மாட்டேன் என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தார். மனதாரத்தான் செய்தார். அப்புறம் இந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் டூரர் பைக்கைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது.

வண்டி இந்தக் கடையின் பின்பக்கம்தான் தார்ப்பாய்க்குள் ஒளிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாக்கிங் போவதாகச் சொல்லிவிட்டு வருவார். ஊருக்கு வெளியே ஆசை தீர ஒரு சுற்று. திரும்பும்போது ஷூவில் கொஞ்சம் மண்ணைத் தேய்த்துக்கொள்வார்.

நாளை விடிந்தால் முதல் நெடும்பயணம். மலையேறி இறங்கிக் கடல் வரைக்கும். வீட்டில் சொன்னது, கிளை அலுவலகத்தில் நாலு நாள் வேலை.

அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, இன்ஷூரன்ஸ் கேட்டு வருகிறவன் சொல்வது நிஜமா புளுகா என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்குத் தொழில். ஒரு கீறலை வைத்தே மொத்தக் கதையையும் உடைத்துவிடுவார். அப்படிப்பட்டவர் சொல்லும் பொய்யில் ஓட்டை இருக்குமா? நினைக்க நினைக்க அவருக்கே தன்மேல் மரியாதை கூடியது.

மனைவியும் இப்போதெல்லாம் தன் பாட்டுக்கு ஒரு உலகத்தில் இருந்தாள். புழுக்கம் தாங்கவில்லை என்று கூந்தலைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டாள். தானும் நடக்கப் போவதாகச் சொல்லிக் கணுக்கால் வரை மூடும் ஷூ வாங்கி, வீட்டுக்குள்ளேயே போட்டுப் பழகினாள். எல்லாம் இவருக்கு வசதியாகப் போயிற்று.

ஒரே குறை, வண்டி ஓட்டும்போது முட்டிக்குப் போடும் பட்டையைக் காணோம். கேட்டால் எதற்கு என்பாள். கேட்கவில்லை.

கடைக்காரர்தான் இன்று ஒரு மாதிரி இருந்தார். மின்விசிறிக்கு அடியில் நின்றுகொண்டு வேர்த்துக் கொட்டினார்.

“சார், சைடு பாக்ஸ் போட்டுக்குங்களேன். பின் சீட்டு ஃப்ரீயா இருக்கும்.”

“ஃப்ரீயா இருந்து யாரு உக்காரப் போறா?” என்றார் சர்வேயர்.

தவிர, சைடு பாக்ஸை வீட்டுக்குள் கொண்டுபோனால் பச்சைக் குழந்தைக்குக்கூட விஷயம் புரிந்துவிடும். அதுவும் இந்த வண்டிக்கு இடதுபக்கத்துப் பெட்டி மட்டும்தான் முழுப்பெட்டி. வலதுபக்கம் சைலன்ஸருக்கு இடம் விட்டுக் குடைந்திருப்பதால் பாதிதான் தேறும். முழு விலை கொடுத்து அரைப்பெட்டி வாங்க அவருக்கென்ன தலையெழுத்தா?

தார்ப்பாயை விலக்கிவிட்டுப் பையைப் பின் சீட்டின் மேல் வைத்துப் பட்டைகளை இழுத்துக் கட்டினார். அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. ஏறி அமர்ந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஐம்பது வயதையும் மறந்து வாயாலேயே உர்ர்ர் என்று ஒரு மலை வளைவில் திரும்பினார்.

கடைக்காரரால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“அதை அங்க கட்ட முடியாது சார். அந்த சீட்டுக்கு ஆள் இருக்கு.”

உள்ளே போய் இரண்டு சிவப்புப் பெட்டிகளைக் கொண்டுவந்தார். வலதுபக்கத்துப் பெட்டி ஒரு விரலில் தொங்கியது. இடதுபக்கத்துப் பெட்டியை இடுப்பில் தாங்கி, மூச்சு வாங்கத் தூக்கி வந்தார்.

“உங்க வீட்டம்மா போன வாரமே வாங்கிட்டாங்க. நேத்து வந்து சாமான் வெச்சுட்டுப் போனாங்க. நீங்க பையைக் கட்டுற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு உத்தரவு.”

சர்வேயர் வண்டியிலிருந்து இறங்கினார். கடைக்காரர் நீட்டிய சாவியை வாங்கி, இடதுபக்கத்துப் பெட்டியைத் திறந்தார்.

மேலாக, அவருடைய முட்டிப் பட்டை. துவைத்து மடித்திருந்தது. அதற்கு அடியில் அவளுடைய மழைக்கோட்டு, ஒரு ஜோடி கையுறை, மாற்றுத்துணிகள், கடலில் இறங்கும்போது போட்டுக்கொள்ள ஒரு பழைய சட்டை. விரல் நுழைய இடமில்லை.

கடல் வரைக்கும் தெரிந்திருக்கிறது. ஷூவும் ஹெல்மெட்டுக்கு அடங்க வெட்டிய கூந்தலும் இப்போதுதான் அவர் மண்டையில் உறைத்தன. ஷூவில் தேய்த்துக்கொண்ட மண்ணை நினைத்து வெட்கமாக இருந்தது.

அன்று ஈரச் சாலையில் அவர் தனியாக விழவில்லை. பின் சீட்டில் அவள் இருந்தாள். முதலில் எழுந்து, கையில் ரத்தம் வழிய வழிய அவரைத் தூக்கி உட்காரவைத்தவள் அவள்தான். அதற்கப்புறம் எந்த வண்டியின் பின் சீட்டைப் பார்த்தாலும் அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டார். இனி அவள் தன் பின்னால் ஏறவே மாட்டாள் என்றுதான் நினைத்திருந்தார். அதனால்தான் அங்கே ஒரு பையைக் கட்டிவிடப் பார்த்தார்.

சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. எது முந்துகிறது என்று தெரியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். பிறகு பின் சீட்டிலிருந்து பையை அவிழ்த்துக் கடைக்காரர் கையில் கொடுத்தார்.

வலதுபக்கத்துப் பெட்டியையும் திறந்து பார்த்தார். சைலன்ஸருக்காகக் குடைந்த அந்த அரைப்பெட்டி சுத்தமாகக் காலியாக இருந்தது.

இரண்டு சட்டையாவது கொள்ளுமா என்று உள்ளே கையை விட்டு அளந்தார்.